நிமிடத்துக்கு மூன்று அலை

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, திருகோணமலை ஓர்ஸ் ஹில் வீட்டுக் குசினியில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தபோது சர்மிளா தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பகுதியில் என் கதிரையில் இருப்பவள் அவள்தான்.

"மிஸ், உங்களுக்கு இப்ப சோலியோ?"

"முருங்கையிலைதான். சொல்லு."

"வெளிநாட்டில ஒளிமருந்து வைத்தியம் செய்துபோட்டு ஒரு ஆள் வந்திருக்கிறார். நாளைக்கு அவருக்கு இரைப்பைப் படம் எடுக்க வேணும். ரூமில லைட் போடலாமோ? எக்ஸ்ரே பட்டால் அந்த மருந்து வேலை செய்யத் தொடங்குமோ? நீங்கள் முந்தி இப்பிடி ஒராளைப் பார்த்தனீங்கள் எண்டு டொக்டர் சொன்னவ."

பார்த்தேன்தான். முக்கால் மணித்தியாலம் கதைத்தேன். முருங்கையிலை வாடிப்போனது. கடைசியில் அவள், "மிஸ், இதை ஒருக்கா எழுதித் தாங்கோவன். எங்களுக்குப் பிறகு வாற பிள்ளைகளுக்கும் உதவும்" என்றாள். அவள் கேட்ட கேள்விகளுக்கு அரைப் பக்கம் போதும். ஆனால் எழுத இருந்த பிறகு அந்த அரைப் பக்கத்தோடு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

நான் இந்த ஊர்ப் பிள்ளை. கொழும்பில் பயிற்சி, விடுதிச் சோறு, பெருநாளுக்கு ஊருக்கு ரயில், பிறகு இரண்டு வேறு ஆஸ்பத்திரிகள், அதன் பிறகு ஓய்வு பெறும் வரை திருகோணமலை. பயிற்சிக் காலத்தில் கற்ற பலதும் இப்போது தேவையில்லை. அந்த நாளில் பிலிம் கழுவும் இருட்டறைக்குள் எங்கிருந்தாவது வெளிச்சம் கசிகிறதா என்று பார்க்கச் சொல்லித் தந்தார்கள். கதவைச் சாத்திவிட்டுப் பத்து நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும். கண் இருட்டுக்குப் பழகும். பழகிய பிறகுதான் கதவிடுக்கிலும் குழாய்த் துவாரத்திலும் இருந்து வரும் நூல் போன்ற வெளிச்சம் தெரியும். தெரிந்த இடத்தைச் சோக்கால் குறித்து அடைக்க வேண்டும்.

எங்கள் வேலையில் எனக்குப் பிடித்தது இரைப்பைப் படம். எலும்பு சும்மா கிடக்கும், எடுத்துவிட்டுப் போகலாம். இரைப்பை வேலை செய்துகொண்டே இருக்கும். பேரியம் என்ற வெள்ளைக் கரைசலை ஆளுக்குக் குடிக்கக் கொடுத்துவிட்டு, ஓடும் எக்ஸ்ரேயில் பார்த்தால் திரையில் அது கறுப்பாக இறங்கி நிற்கும். கொஞ்ச நேரத்தில் இரைப்பையின் நடுவில் சுவர் இலேசாக உள்ளே குழியும். அந்தக் குழிவு அப்படியே குடலுக்குத் திறக்கும் கீழ்வாசல் வரைக்கும் நகரும். அதற்குள் அடுத்தது தொடங்கிவிடும். நல்ல இரைப்பையில் நிமிடத்துக்கு மூன்று அலை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஒருவர் பேரியத்தை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இன்னொண்டு ஊத்துங்கோ மிஸ், தேத்தண்ணியை விட இது திறம்" என்றார். முப்பது வருடத்தில் அப்படிச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

டொக்டர் நஸ்ரினா எங்கள் பகுதிக்குப் பொறுப்பாக வந்தபோது அவவுக்கு முப்பத்தாறு வயது, எனக்கு ஐம்பத்திரண்டு. மூதூர்ப் பிள்ளை. கழுத்தில் ஒரு நிறுத்துக் கடிகாரம் தொங்கும், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் நேரம் பார்ப்பார்களே, அது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு திரைக்கு ஒரு முழத் தூரத்தில் நிற்பா. நோயாளி நிற்கும்போது தான் கதிரையில் இருக்கமாட்டா. பேரியக் கோப்பையை நீட்டும்போது, "ருசியா இருக்காது, மன்னிச்சுக்கங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லுவா.

வந்த இரண்டாம் நாள் ஒரு படத்தைப் பார்த்து, "புண் இருக்கும் போல கிடக்கு டொக்டர்" என்றேன்.

"மிஸ், நீங்க கண்டதச் சொல்லுங்க. நெனச்சதப் பொறகு கேக்கன்."

குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குக் கூடுதல் கோபம். ஒரு கிழமை முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அவ அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் எனக்கும் ஒரு தேத்தண்ணி ஊற்றி வைத்தா. எட்டாம் நாள் நான் குடித்தேன்.

இப்படி நாங்கள் பழகி இரண்டு வருடத்தில்தான் நவரத்தினம் அண்ணை வந்தார்.

சாம்பல்தீவில், கரையில் வரிசையாக நின்று கயிறு பிடித்துக் கரைவலை இழுக்கும் மனிதர் அவர். அறுபத்துமூன்று வயது. வெளிநாட்டில் இருக்கும் மகளைப் பார்க்கப் போன இடத்தில் நெஞ்செரிச்சல் என்று காட்ட, குழாய் விட்டுப் பார்த்த டாக்டர்கள் இரைப்பையின் கீழ்ப்பக்கத்தில் ஒரு சின்னப் புற்றுக்கட்டியைக் கண்டார்கள். வெட்டி எடுக்க அவருடைய இதயம் இடம் கொடாது. அதனால் ஒளிமருந்து. மருந்தை நரம்பில் ஏற்றி இரண்டு நாள் விடுவார்கள். அது உடம்பெல்லாம் பரவி நிற்கும், ஆனால் சும்மா நிற்கும். பிறகு நூல் போன்ற ஒரு கம்பியை வாய் வழியாக இறக்கிக் கட்டியின் மேல் சிவப்பு ஒளியைப் பாய்ச்சுவார்கள். ஒளி பட்ட இடத்தில் மட்டும் மருந்து விழித்துக்கொண்டு கட்டியைச் சாகடிக்கும்.

கட்டி செத்தது. ஆனால் இரண்டு தொல்லைகள் மிஞ்சின. ஒன்று, மருந்து தோலிலும் கிடக்கிறது. ஒரு மாதத்துக்கு மேல் வெயில் பட்டால் தோல் வெந்துவிடும். மற்றது, ஒளி பட்ட இடத்துக்குக் கீழே இருந்த தசையும் அடி வாங்கியிருந்தது. ஊருக்கு வந்த மூன்றாம் நாளில் இருந்து அவர் காலையில் சாப்பிட்டதைப் பின்னேரம் அப்படியே சத்தி எடுத்தார்.

ஒரு மூடிய வான் வண்டியில் அவரைக் கொண்டுவந்து இறக்கிய காட்சி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. தலையில் தொப்பி, அதன் மேல் துவாய், கறுப்புக் கண்ணாடி, கைக்குக் கம்பளி உறை, காலுக்கு மேசும் அதன் மேல் சப்பாத்தும், தலைக்கு மேலே குடை. குடையைப் பிடித்துக்கொண்டு வந்தவ அவருடைய மனைவி பூமணி அக்கா. வாசலில் நின்ற சனம் விலகி வழி விட்டது.

"ஆரோ பெரிய ஆள் எண்டு நினைச்சிட்டுதுகள் மிஸ்" என்றார் துவாய்க்குள் இருந்து.

நான் அறை யன்னலுக்குக் கறுப்புக் கடதாசி ஒட்டி, மேல் விளக்கை நிறுத்தி, ஒரு மேசை விளக்கைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். பூமணி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டா. "எக்ஸ்ரேயும் வெளிச்சம்தானே மிஸ்? இவரை உள்ளுக்கால எரிச்சுப் போடாதோ?"

டொக்டர் நஸ்ரினா அவவை இருத்திச் சொன்னா: "இல்லம்மா. கண்ணுக்குத் தெரியிற வெளிச்சம்தான் அந்த மருந்த எழுப்பும். எக்ஸ்ரே அத எழுப்பாது. நான் வாசிச்சிட்டுத்தான் சொல்றன்."

அண்ணை பேரியத்தைக் குடித்தார். "சுண்ணாம்புத் தண்ணிதானே இது" என்றார். திரையில் அது இறங்கி நின்றது. நின்றபடியே நின்றது. டொக்டர் கடிகாரத்தை அழுத்தினா. ஒரு நிமிடம். மறுபடி அழுத்தினா. மறுபடியும்.

"மிஸ், என்ன காணுறீங்க?"

"ஒண்டுமில்லை டொக்டர். சுவர் அசையேல்லை. வாசலாலயும் ஒண்டும் போகேல்லை."

சத்திரசிகிச்சை டொக்டர் எங்களுக்குப் பின்னால் நின்றார். அவர் பயந்தது நியாயம்தான். கீழ்வாசல் வீங்கி அடைபட்டிருந்தால், வயிற்றைத் திறந்து குடலை இரைப்பையோடு வேறு வழியாக இணைக்க வேண்டும். அந்த இதயத்தோடு அந்த மேசையில் ஏறினால் இறங்குவாரா என்று மயக்க மருந்து டொக்டருக்கே நம்பிக்கை இல்லை. ஆனால் சாப்பாடு இறங்காமலும் எத்தனை நாள் வைத்திருப்பது? அதற்குள் அவர் இளைத்து, சாரம் இடுப்பில் நில்லாமல் பூமணி அக்கா அதற்கு ஒரு நாடா கட்டியிருந்தா.

டொக்டர் நஸ்ரினா யோசித்துவிட்டு, "ஐயா, வலப்பக்கம் சரிஞ்சு படுங்க" என்றா.

படுத்தார். நான் மேசையை மெல்லச் சாய்த்தேன். பத்து வினாடி இருக்கும். கறுப்பு, வாசல் பக்கம் வழிந்தது. பிறகு ஒரு கோடு போல வாசலைத் தாண்டிக் குடலுக்குள் இறங்கியது, தடையே இல்லாமல்.

"வாசலால போகுது டொக்டர்! போகுது!"

"ஓம், நானும் கண்டன்." சத்திரசிகிச்சை டொக்டரின் பக்கம் திரும்பி, "கதவு தொறந்துதான் இருக்கு சேர். தள்ளத்தான் ஆளில்ல. தசை மயங்கிக் கிடக்கு. ரெண்டு கிழமை தாங்க" என்றா.

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, "ரெண்டு கிழமை. அதுக்குப் பிறகு நான் காத்திருக்க மாட்டன்" என்றார்.

கஞ்சியும் சூப்பும் கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை, ஒவ்வொன்றுக்கும் பிறகு வலப்பக்கம் சரிந்து படுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்து அனுப்பினோம்.

இனி என் பிழையைச் சொல்ல வேண்டும்.

போகும்போது பூமணி அக்கா, "எங்கட தகரக் கூரை மிஸ். அங்கங்க ஓட்டை. என்ன செய்யிறதெண்டு விளங்கேல்லை" என்று சொல்லியிருந்தா. ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இல்லை. இருட்டறையில் வெளிச்சம் பிடித்த என்னை விட இதற்கு வேறு யார் என்று நானாகவே பஸ் ஏறிப் போனேன். நடுப்பகல் பன்னிரண்டு மணிக்குக் கதவு, யன்னல் எல்லாம் சாத்தச் சொன்னேன். மூன்று பேரும் அறைக்குள் அசையாமல் இருந்தோம். பத்து நிமிடம் போனதும் கூரையில் ஒவ்வொன்றாக வெளிவரத் தொடங்கின, ஆணி கழன்ற ஓட்டைகள். எண்ணினேன், நாற்பத்தொன்று. நிலத்தில் நாற்பத்தொரு வெயில் காசு.

"அடி ஆத்தே" என்றா பூமணி அக்கா. "இவ்வளவு நாளும் இதுக்குக் கீழேயோ நாங்கள் படுத்தனாங்கள்?"

மேசை மேல் கதிரை வைத்து அவ ஏறினா. நான் கதிரையைப் பிடித்தபடி இடம் சொன்னேன். அவ உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத்தைக் கிள்ளிக் கிள்ளி ஓட்டைகளில் அப்பினா. யன்னல் இடுக்குகளுக்குச் சீமெந்துப் பைக் கடதாசி ஒட்டினோம். கடைசியில் அறையில் கையை நீட்டினால் கை தெரியாத இருட்டு. எனக்கு அப்படி ஒரு பெருமை.

"வெயிலில வேகாமல் காப்பாத்திப் போட்டியள் மிஸ்" என்றார் இருட்டுக்குள் இருந்து அண்ணை. "இனி இதுக்குள்ள அவிஞ்சு சாவன்."

திங்கள் காலை தேத்தண்ணியோடு இதை டொக்டரிடம் கூரையில் இருந்து நிலம் வரை விவரமாகச் சொன்னேன். அவ கோப்பையை வைத்தா.

"முழு இருட்டா ஆக்கிட்டீங்களா?"

"ஓம் டொக்டர். ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை."

அவ அலுமாரியைத் திறந்து, வெளிநாட்டு ஆஸ்பத்திரி கொடுத்துவிட்ட தாளை எடுத்து என் முன்னால் வைத்தா. ஒரு வரியில் விரலை வைத்தா. வெயிலும் பளிச்சென்ற விளக்கும்தான் ஆகாது. வீட்டுக்குள் இருக்கும் மங்கல் வெளிச்சம் வேண்டும். தோலில் கிடக்கும் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்துத் தீர்ப்பதே அந்த வெளிச்சம்தான். முழு இருட்டில் வைத்தால் மருந்து தீராமல் அப்படியே கிடக்கும்.

எனக்குக் காது சுட்டது. அந்தத் தாள் ஒரு கிழமையாக எங்கள் அலுமாரியில்தான் இருந்தது. நான் முதல் பக்கத்தை மட்டும் வாசித்திருந்தேன்.

"என்னில பிழை டொக்டர்."

"என்னிலயும்தான். உங்களுக்கு நான் வாசிச்சுக் காட்டியிருக்கணும்." தாளை மடித்துவிட்டு, "நாற்பத்தொண்டையும் அடைச்சிட்டீங்களா?" என்று கேட்டா. உதடு துடித்தது. பிறகு சிரிப்பை அடக்க ஏலாமல் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டா.

அன்று பின்னேரம் திரும்பவும் சாம்பல்தீவு பஸ். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு பூமணி அக்கா இடுப்பில் கை வைத்தா.

"நேற்று அடைக்கச் சொன்னியள். இண்டைக்குத் திறக்கச் சொல்லுறியள். நாளைக்கு வந்து கூரையைக் கழட்டச் சொல்லுவியளோ?"

"ஓட்டைகள் அப்பிடியே இருக்கட்டும் அக்கா, அதால வாறது நேர் வெயில். வடக்குப் பக்க யன்னலை மட்டும் திறந்து சீலை போடுவம்."

வெள்ளைச் சீலை ஒன்றை இரண்டாக மடித்துக் கட்டினோம். அறைக்குள் பால் போல ஒரு வெளிச்சம் வந்தது. அதில்தான் அண்ணையின் முகத்தை நான் முதல் தடவை சரியாகப் பார்த்தேன். ஒரு நாள் முழு இருட்டு மனிதரைச் சுருட்டியிருந்தது. கஞ்சி தொடாமல் இருந்தது. அவர் காற்றில் அசையும் சீலையைப் பார்த்துக்கொண்டு எழும்பி இருந்து, "காத்து கச்சான் பக்கம் திரும்பிட்டுது போல" என்றார். பிறகு கஞ்சிக் கோப்பைக்குக் கையை நீட்டினார். ஐந்து கரண்டி. பூமணி அக்கா குசினிக்குள் போனா. மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

இரண்டு கிழமை முடிவதற்கு முதல் நாள் இரண்டாம் முறை படம் எடுத்தோம். சத்திரசிகிச்சை டொக்டரும் வந்து நின்றார். கடிகாரம் ஓடியது. முதல் நிமிடம் ஒன்றுமில்லை. இரண்டாம் நிமிடம் கீழ்ச்சுவர் ஒரு தடவை உள்ளே குழிந்தது. பாதி வழி வந்தது. நின்றுவிட்டது.

அலை வந்துவிட்டது என்று கத்த வேண்டும் போல இருந்தது எனக்கு. "கீழ்ப்பக்கச் சுவர் ஒருக்கா உள்ளுக்கு வந்தது. பாதியில நிண்டிட்டுது" என்று மட்டும் சொன்னேன்.

டொக்டர் நஸ்ரினா தலையாட்டி எழுதினா. நாங்கள் மூன்று பேரும் இன்னும் ஐந்து நிமிடம் நின்றோம். இன்னொன்று வந்தது. அது வாசல் வரை போனது. ஒரு துளி கறுப்பு அப்பால் விழுந்தது, ஆள் நேராக நிற்கும்போதே.

"இது வேலை செய்யத் தொடங்கிற தசை" என்றார் சத்திரசிகிச்சை டொக்டர். "நான் கத்தி எடுக்கேல்லை. நீங்கள் பாருங்கோ."

அதன் பிறகு சத்தி நின்றது. கஞ்சி குழைசாதமானது, குழைசாதம் மீன் சொதியோடு சாதமானது.

ஒரு மாதம் முடிந்ததும் தோல் சோதனை. அந்தத் தாளில் எழுதியிருந்தபடிதான் செய்தோம், இந்த முறை கடைசிப் பக்கம் வரை வாசித்துவிட்டு. ஒரு கடதாசிப் பையில் இரண்டு அங்குல வட்டம் வெட்டி, கையை அதற்குள் விட்டு, வட்டத்துக்குள் தெரிகிற தோலை மட்டும் வெயிலில் பத்து நிமிடம் பிடிக்க வேண்டும். ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். முதல் தடவை செய்த அன்று பின்னேரமே தோல் வட்டமாகச் சிவந்து வீங்கிவிட்டது. இன்னும் இரண்டு கிழமை வீட்டுக்குள் என்று தீர்ப்பு. அண்ணை மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. இரண்டாம் தடவை செய்ததற்கு மறுநாள் காலை ஏழு மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"மிஸ், வட்டம் வரேல்லை." பூமணி அக்காவின் குரல். "இவர் இப்ப முத்தத்து வெயிலில நிக்கிறார். உள்ளுக்கு வரச் சொல்லுங்கோ, நான் சொல்லிக் கேக்கிறாரில்லை."

"கொஞ்சம் கொஞ்சமா வெயிலுக்குப் பழகச் சொல்லுங்கோ அக்கா."

"கேட்டுதோ? மிஸ் பேசுறா!" என்று அவ அங்கே கத்துவதும், அவர் சிரிப்பதும் கேட்டது.

அடுத்த கிழமை கடைசிப் படம். குடை மட்டும் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார்கள். இந்த முறை தண்ணிப் பேரியம் போதாது, சாப்பாட்டை இரைப்பை தள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும். அதனால் பூமணி அக்கா கொண்டுவந்த கஞ்சியில் பேரியத்தைக் கலந்தேன். அவர் ஒரு சொல் முறைப்பாடு இல்லாமல் குடித்தார்.

திரையில் அலை வந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. டொக்டர் கடிகாரத்தை நிறுத்தினா. "ஒரு நிமிசம்" என்றா.

"எனக்கும் காட்டுங்கோவன்" என்றார் அண்ணை. "என்ர வயிறுதானே."

நான் திரையை அவர் பக்கம் திருப்பினேன். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கடலைப் பார்க்கிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"வலை இழுக்கிற மாதிரித்தான் கிடக்கு. வரிசையா இழுக்கிறாங்கள்." பிறகு கையை நீட்டினார். "ஆனா மிஸ், இதில நிக்கிறவன் இழுக்கிறானில்லை."

"எதில அண்ணை?"

"இந்தா, இதில. முன்னுக்கு நிக்கிறவன் இழுக்கிறான், பின்னுக்கு நிக்கிறவன் இழுக்கிறான். இவன் கயித்தைப் பிடிச்சுக்கொண்டு சும்மா நிக்கிறான்."

டொக்டர் நஸ்ரினா ஒரு முழத் தூரத்தை விட்டுத் திரைக்குக் கிட்ட வந்தா. நானும் குனிந்தேன். அலை வந்தது. கீழ்ச்சுவரில் ஒரு விரல் அகலத்துக்கு வந்ததும் அந்த இடம் மட்டும் அசையாமல் நின்றது. இரண்டு பக்கமும் குழிந்து அதைத் தாண்டிப் போனது. அலைகளை எண்ணிக்கொண்டு நின்ற எங்கள் இரண்டு பேர் கண்ணுக்கும் அதுவரை அது படவில்லை.

"ஐயா சொல்றது சரி" என்றா டொக்டர். "ஒளி பட்ட இடம் அது. தழும்பு விழுந்திருக்கு."

"அவன் இனி இழுக்க மாட்டானோ?"

"எனக்குத் தெரியாது ஐயா. இழுக்காமலும் போகலாம்."

அவர் திரையை இன்னொரு தடவை பார்த்தார். "நிக்கட்டும். கயித்தை விடாமல் நிண்டால் காணும். மற்றவங்கள் இழுப்பாங்கள்."

அந்த அசையாத இடத்தின் அளவையும் அறிக்கையில் எழுதினோம். பிறகு வந்த வருடங்களில் குழாய் விட்டுப் பார்த்தபோதெல்லாம் அங்கே தழும்பு மட்டும்தான் இருந்தது. கட்டி திரும்பவில்லை. மனிதர் இன்றைக்கும் கரைக்குப் போகிறார், வலையைத் தொட விடுகிறார்கள் இல்லை என்று குறை சொல்லிக்கொண்டு.

அன்று இரண்டு மணித்தியாலம் கழித்துக் கடைசித் தடவையாகப் பார்த்தபோது இரைப்பை வெறுமையாக இருந்தது. வெளி விறாந்தை வாங்கில் பூமணி அக்கா காத்திருந்தா.

"என்னவாம்?"

"ஒருத்தன் சும்மா நிக்கிறானாம். மற்றவங்கள் வேலை செய்யிறாங்களாம்" என்றார் அண்ணை.

"அது உங்கட வலையிலயும் அப்பிடித்தானே" என்றபடி அவ பொதியை அவிழ்த்தா. இடியப்பமும் சொதியும். எனக்கும் டொக்டருக்கும் வாழையிலைத் துண்டில் வைத்துத் தந்தா. டொக்டர் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிய ஒரு நோயாளிக்குப் பக்கத்தில் வாங்கில் அமர்ந்தா. நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டது நாலு நாலு இடியப்பம். அண்ணை பதினொன்று சாப்பிட்டுவிட்டு, பொதியில் இன்னும் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார்.